கம்பிக்குள் – 17: வரிசை யார் கையில்?

எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்று ஃபயர்வால் முடிவெடுக்கும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். விட்டவற்றுள் எது முந்திப் போவது? வீட்டில் ஒருவர் வீடியோ அழைப்பில் இருக்கும்போது இன்னொருவரின் போன் படங்களைக் கிளவுடில் ஏற்றத் தொடங்கினால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். படங்களை நிறுத்திவைத்துக் குரலை முன்னே அனுப்புவதுதான் டிராஃபிக் ஷேப்பிங்.

நிறுத்திவைக்க வேண்டுமானால் வரிசை ஃபயர்வாலின் கையில் இருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். ஃபயர்வாலுக்கும் கம்பிக்கும் நடுவே, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் இருக்கிறது. நெட்வொர்க் கார்டுக்கென்று தனி வரிசையும் இருக்கிறது. அதற்குள் போன பாக்கெட்டைத் திரும்ப எடுக்க வழியில்லை.

சோனியின் கணினி ஆய்வகத்தில் கென்ஜிரோ சோ 1990களின் பிற்பகுதியில் உருவாக்கிய ஆல்ட்-க்யூ என்ற மென்பொருள், இதற்காக டிரைவரையே மாற்றி எழுதச் சொன்னது: பாக்கெட்டுகளைத் தன்னிடமிருந்துதான் டிரைவர் கேட்டு வாங்க வேண்டும். அதனால்தான் ஃப்ரீ-பிஎஸ்டி இயங்குதளத்தின் கையேட்டில் இதற்கு ஒத்துழைக்கும் டிரைவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. கார்டு வாங்குமுன் அதைப் பார்ப்பது நல்லது. கடைக்காரருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வேகம் கூடியதும் இந்த ஏற்பாடு திணறியது. 10 ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் விநாடிக்கு ஏறத்தாழ 1.48 கோடி போகலாம். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோவிநாடி. ஒரு பிராசஸர் கோர் இதைச் சமாளிப்பது கடினம். எனவே வேகமான கார்டுகள் பல வரிசைகளோடு வருகின்றன, கோருக்கு ஒன்றாக. ஆல்ட்-க்யூவோ எல்லாம் ஒரே வரிசையில், ஒரே பூட்டுக்குள் வர வேண்டும் என்கிறது. மெய்நிகர் கணினிகளில் ஓடும் விர்ட்-ஐஓ டிரைவரில், ஆல்ட்-க்யூவைச் சேர்த்துக் கெர்னலைத் தொகுத்தால் இயல்நிலையில் பல வரிசை வசதி போய்விடும். இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

இன்னொரு விசித்திரம். ஆல்ட்-க்யூ வேகத்தை 32 பிட் எண்ணில் வைத்திருந்தது. அதில் சுமார் 4.29 ஜிகாபிட்டுக்கு மேல் அடங்காது. 5 ஜிகாபிட் என்று எழுதினால் எண் சுற்றிவந்து ஏறக்குறைய 705 மெகாபிட்டாகிவிடும். 2018இல்தான் ஃப்ரீ-பிஎஸ்டி இதைச் சரிசெய்தது. இன்னொரு இயங்குதளமான ஓபன்-பிஎஸ்டி அதற்கு முன்பே, 2014இல், ஆல்ட்-க்யூவைக் கழற்றிவிட்டு வேறு ஏற்பாட்டுக்குப் போய்விட்டது.

பீசா பல்கலைக்கழகத்தின் லூயிஜி ரிசோ எழுதிய டம்மிநெட் வேறு வழியில் போனது. டிரைவரை அடையும் முன்பே, பாக்கெட் வடிகட்டும் இடத்திலேயே அது பிடித்து நிறுத்திவிடும். எந்தக் கார்டானாலும் கவலையில்லை. இன்று புதிதாக அமைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. 20 மெகாபிட் அப்லோடு இணைப்பில், மோடத்துக்குள் 1 மெகாபைட் தேங்கினாலே பின்னால் வரும் குரல் 0.4 விநாடி காத்திருக்க நேரும். அந்தத் தேக்கம் ஃபயர்வாலுக்குத் தெரியாது. ஆகவே வரிசை மோடத்தில் சேராமல் ஃபயர்வாலிலேயே சேர, டம்மிநெட்டில் 20 என்று எழுதாமல் 18 அல்லது 19 என்று எழுத வேண்டும்.