கடற்கொள்ளையர் கதையில் கணக்கும் வரலாறும்

புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடும் பிள்ளை, கடற்கொள்ளையர் கதை என்றால் நிமிர்ந்து உட்காரும். வீட்டிலேயே கல்வி தரும் பெற்றோர்கள் இந்த ஆர்வத்தை ஒரு வாரப் பாடமாக்கலாம்.

தேநீரில் நனைத்துக் காயவைத்த தாளில் மெர்போக் ஆற்று முகத்துவாரத்தையும் ஜெராய் மலையையும் பிள்ளை வரையட்டும், அது புவியியல். காந்தத்தில் ஒரே திசையாகப் பலமுறை தேய்த்த ஊசியை, சிறு இலையின்மேல் வைத்து நீரில் மிதக்கவிட்டால் வடக்கு தெற்காக நிற்கும்; அது அறிவியல். ‘புதையல்’ சில்லறையை ஐந்து பேருக்குப் பங்கிட்டால் பின்னம் புரிந்துவிடும்.

வரலாற்றுக்கும் வெகுதூரம் போக வேண்டாம். திகாம் பத்து பிள்ளைகளுக்குப் பூஜாங் பள்ளத்தாக்கு பக்கத்தில்தான் இருக்கிறது. 1025இல் இராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. ‘கடாரம் கொண்டான்’ என்று நாம் பெருமைப்படுகிறோம். கரையில் நின்ற கடாரத்து வணிகருக்கு அந்தக் கப்பல்கள் எப்படித் தெரிந்திருக்கும்? படைவீரனாக ஒரு கடிதம், வணிகராக ஒரு கடிதம் என்று பிள்ளை எழுதட்டும். முடிவை நாம் சொல்லிவிடக் கூடாது.

கொள்ளை வெறும் கதையல்ல என்பதும் தெரியட்டும். கப்பல்கள் கடற்கொள்ளையைப் பற்றிப் புகார் செய்ய 1992இல் தொடங்கப்பட்ட அனைத்துலக மையம் கோலாலம்பூரில்தான் இயங்குகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். மலேசியாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். வீட்டில் கற்பிக்க விரும்புவோர் முதலில் கல்வி அமைச்சரிடம் விலக்கு பெற வேண்டும். பாடம் எவ்வளவு சுவையாக இருந்தாலும், அனுமதி இல்லையென்றால் சிக்கல் குடும்பத்துக்குத்தான்.