டென்னிஸ் பழகப் போகிறீர்களா? முதலில் பந்தைக் கீழே போடுங்கள்

சென்ற ஆண்டு என்னிடம் படித்த படிவம் ஒன்று மாணவி ஒருத்திக்கு டென்னிஸ் மீது ஆசை வந்தது. அண்ணனின் பழைய மட்டை கையில் இருந்தது. புத்தம்புதிய மஞ்சள் பந்துகள் ஒரு டப்பாவும் வாங்கிக்கொண்டாள். மூன்று நாள் ஆடினாள். நான்காம் நாள், “எனக்கு இது வராது, சார்” என்று சொல்லி மட்டையை உறைக்குள் போட்டுவிட்டாள்.

அவள் பூப்பந்து நன்றாக ஆடுபவள். கையும் கண்ணும் சுறுசுறுப்பு. ஆகவே குறை அவளிடம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. பந்தைப் பார்த்ததும் அது உறுதியானது.

நீங்களும் பாருங்கள். ஒரு மீட்டர் கோலைச் சுவரில் நிமிர்த்தி ஒட்டுங்கள். சிமெண்டுத் தரையாக இருக்கட்டும். பந்தின் அடிப்பகுதி 100 சென்டிமீட்டர் கோட்டில் இருக்குமாறு பிடித்து, தள்ளாமல், சுழற்றாமல் விட்டுவிடுங்கள். எவ்வளவு எழும்புகிறது என்று நண்பர் ஒருவர் கைப்பேசியில் மெதுவசைவில் படம் பிடிக்கட்டும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பந்து புதிது என்றால் ஏறத்தாழ 53 முதல் 58 சென்டிமீட்டர் வரும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? டென்னிஸ் விதிப்படி, 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் விழும் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் போட்டிக்கு ஆகாது. கணக்குப் போட்டால், பந்து விழுந்த உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே திரும்பி வருகிறது. மீதி ஆற்றல் எங்கே போனது என்று கேட்டால், “அழிந்துவிட்டது” என்று எழுதி மதிப்பெண்ணை இழக்காதீர்கள். தரையில் மோதும்போது பந்து நசுங்குகிறது. ரப்பர் மூலக்கூறுகள் இழுபட்டு மீண்டும் சுருங்குகின்றன. அப்போது ஒரு பங்கு வெப்பமாக மாறிவிடுகிறது, ‘டொப்’ என்ற ஒலியாகவும் சிறிது போகிறது. பந்தைப் பலமுறை அடித்த பிறகு தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும்.

இப்போது அந்த 135 சென்டிமீட்டரை உங்கள் உடம்போடு ஒப்பிடுங்கள். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள மாணவருக்குத் தோள் ஏறத்தாழ 120 சென்டிமீட்டரில் இருக்கும். எதிரே நிற்பவர் கொஞ்சம் தூக்கி அடித்து, பந்து இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் போதும், தரையில் பட்டு உங்கள் தோளைத் தாண்டி எழும்பும். அந்த உயரத்தில் புதியவர் அடித்தால் முழங்கை விரிந்து, மணிக்கட்டு மடங்கி, பந்து வேலிக்கு அந்தப் பக்கம் போகும். அந்த மாணவிக்கு நடந்தது இதுதான்.

சிவப்புப் பந்து என்று ஒன்று இருக்கிறது. வழக்கமான பந்தைவிடச் சற்றுப் பெரியது, எடை குறைவு. 254 சென்டிமீட்டரிலிருந்து போட்டால் ஒரு மீட்டரை ஒட்டித்தான் எழும்பும். அதாவது இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே, அடிக்க வசதியான இடத்தில் வந்து நிற்கும். காற்றிலும் மெதுவாக வரும். அதற்கு அடுத்தது ஆரஞ்சு, பிறகு பச்சை, கடைசியில் மஞ்சள். 2012 முதல் 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தையே பயன்படுத்தக் கூடாது என்று அனைத்துலக டென்னிஸ் சம்மேளனம் விதி வைத்திருக்கிறது.

“நான் படிவம் இரண்டு, சின்னப் பிள்ளைகள் பந்தில் ஆடுவதா?” என்று முகம் சுளிக்க வேண்டாம். மெதுவான பந்துகளைப் பெரியவர்களில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் அதே சம்மேளனம் பரிந்துரைக்கிறது. வெட்கப்பட்டு மஞ்சளில் தொடங்கி ஒரு வாரத்தில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிவப்பில் தொடங்கி அப்படி விட்டவர் யாரும் என் நினைவில் இல்லை.

சிவப்புப் பந்து கிடைக்காவிட்டால் செத்த பந்து போதும். யாராவது ஆடி முடித்துத் தூக்கிப் போட்ட மஞ்சள் பந்து. புதுப் பந்துக்குள் காற்று அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தம். டப்பாவைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று கேட்பதும் அதனால்தான்: பந்திலிருந்து காற்று கசியாதிருக்க டப்பாவுக்குள்ளும் அழுத்தம் வைக்கிறார்கள். திறந்த பிறகு, ஆடினாலும் ஆடாவிட்டாலும், ரப்பர் சுவர் வழியே வளிமூலக்கூறுகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். சில வாரங்களில் பந்து தளர்ந்துவிடும். உங்கள் ஒரு மீட்டர் சோதனையில் 45 சென்டிமீட்டருக்குக் கீழே எழும்பும் பந்தைத் தேடுங்கள். சிவப்புப் பந்தின் வேகக் குறைவு இதில் கிடைக்காது என்றாலும் உயரம் அடங்கும்.

ரப்பர் என்றதும் நம் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பழங்கால டென்னிஸ் பந்து துணியைச் சுருட்டித் தைத்தது. புல் தரையில் போட்டால் அப்படியே படுத்துக்கொள்ளும். அதனால் ஆட்டமே கட்டடத்துக்குள் கல் தரையில்தான் நடந்தது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகவும் மீள்தன்மையோடும் இருக்கும் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். அத்தகைய ரப்பரில் செய்த பந்து புல்லிலும் எழும்பியது. 1874இல் இங்கிலாந்தின் மேஜர் விங்ஃபீல்டு புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை பெற்றார். மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாக ரப்பர் நட்டவர் டான் சே யான். இடம் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங், ஆண்டு 1896. மஸ்ஜித் தானாவைச் சுற்றி இன்று செம்பனை நிற்கும் இடங்களைக் காட்டி, “இங்கே பால் மரம் இருந்தது” என்று உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். அவர்கள் மங்கில் சேர்த்த பாலின் குணத்தைத்தான் இப்போது மீட்டர் கோலால் அளக்கிறீர்கள்.

அடுத்தது இடம். முழு டென்னிஸ் திடலின் நீளம் 23.77 மீட்டர். புதியவருக்கு அது பாலைவனம். சிவப்புப் பந்துக்கான திடல் 11 முதல் 12.8 மீட்டர் நீளமே. பூப்பந்துத் திடலின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். கிட்டத்தட்ட அதேதான்! உங்கள் தாமானில் சிமெண்டுப் பூப்பந்துத் திடல் இருக்கிறதல்லவா? வலையை அவிழ்த்து, 80 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கயிறு கட்டினால் டென்னிஸ் திடல் தயார். மழை பெய்து ஈரமாக இருந்தால் மட்டும் வேண்டாம். வழுக்கும், பந்தும் நீர் குடித்துக் கனத்துவிடும்.

பூப்பந்து ஆடுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இறகுப்பந்தின் எடை ஏறத்தாழ 5 கிராம். டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம். பூப்பந்து மட்டை 100 கிராம்கூட இல்லை. டென்னிஸ் மட்டை 250, 300 கிராம் வரும். இறகுப்பந்தை மணிக்கட்டைச் சொடுக்கி அனுப்பலாம். டென்னிஸில் அதே பழக்கத்தோடு சொடுக்கினால் பத்து மடங்கு கனமான பந்தின் உந்தம் மட்டையைத் திருப்பிவிடும், முழங்கையும் வலிக்கத் தொடங்கும். மணிக்கட்டை உறுதியாக வைத்து, தோளையும் இடுப்பையும் திருப்பி அடியுங்கள். பந்து நரம்பில் பட்டு விலக ஆகும் நேரம் ஏறத்தாழ 5 மில்லிவினாடி, கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு. பட்ட பிறகு திருத்த முடியாது. படும் அந்த நொடியில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பந்து அந்தப் பக்கம் போகும்.

இன்னொரு பழக்கம், பந்தை அந்தரத்திலேயே அடிக்கத் துடிப்பது. தரையில் படட்டும். பட்டதும் வாய்விட்டு ‘தரை’ என்று சொல்லுங்கள், அடிக்கும்போது ‘அடி’ என்று சொல்லுங்கள். ‘தரை… அடி, தரை… அடி.’ கேட்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் இரண்டு சொற்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி உங்கள் காதில் பதிந்துவிட்டால் கால்கள் தாமாக இடம் பிடிக்கும்.

பலமாக அடிப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். நாகர்கோவிலில் 1937இல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், தந்தை டி.கே. ராமநாதனிடம் ஆட்டம் கற்றவர். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெரியவர்களுக்கான அரையிறுதி வரை போனார். இடி மாதிரி அடிக்கும் ஆட்டம் அல்ல அவருடையது. மென்மையாகத் தட்டி, எதிராளி இல்லாத இடத்தில் பந்தை வைப்பார். 1961 காலிறுதியில் அவரிடம் நேர் செட்களில் தோற்ற ராய் எமர்சன், பின்னாளில் இரண்டு முறை விம்பிள்டனை வென்ற வீரர்.

அந்த மாணவிக்கு நான் கொடுத்தது செத்த பந்துகள் ஆறு, ஒரு கயிறு. இரண்டாவது வாரத்தில் தோழியோடு கயிற்றுக்கு மேலே தொடர்ந்து 11 அடி ஆடினாள். கணக்கை அவளே நோட்டில் எழுதி வைத்திருந்தாள். தொடர்ந்து 20 அடி வந்தால் அடுத்த நிறப் பந்துக்குப் போகலாம் என்பது எங்கள் இருவருக்குள் ஓர் ஒப்பந்தம். விதிப் புத்தகத்தில் தேடாதீர்கள். ஆறு வாரத்தில் ஆரஞ்சுக்குப் போய்விட்டாள்.

உங்களுக்கு ஒரு சோதனை. ஒரே மாதிரி இரண்டு பந்துகளை எடுத்து, ஒன்றைப் பையில் சுற்றி இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியிலும் மற்றதை மதிய வெயிலில் ஒரு மணி நேரமும் வையுங்கள். உடனே மீட்டர் கோலுக்கு அருகே கொண்டுபோய் இரண்டையும் போடுங்கள். எது கூடுதலாக எழும்பும் என்று போடுவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள், காரணத்தோடு.