சுவரில்லாத இடத்துக்கும் கணக்கு உண்டு

புதிய வீட்டுக்கான வரைபடம் கைக்கு வந்ததும் நாம் முதலில் எண்ணிப் பார்ப்பது அறைகளைத்தான். பணம் போதாது என்றானதும் முதலில் விடுபடுவது விறாந்தை. "அதற்குச் சுவருமில்லை, கதவுமில்லை, அது எதற்கு?" என்று கேட்கிறோம். ஊரில் நெல்லை அளந்ததும், வெங்காயத்தைப் பிடி கட்டியதும், வந்தவர்களை இருத்தியதும் அங்கேதான் என்பதை மறந்துவிடுகிறோம். எமது பிள்ளைகள் தகரக் கூரையின் கீழ் வேர்த்துக் கொட்டும்போதே அந்த இழப்பு விளங்குகிறது.

கண்டி தரும் பாடம்

யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 வீதி கண்டியிலிருந்து புறப்பட்டு, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடக்கிறது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம் உள்ளது. அருட்திரு எல். ஜே. காஸ்டர் வரைந்த திட்டப்படி 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1935இல் அர்ப்பணிக்கப்பட்டது. மக்கள் அமரும் பகுதியின் பக்கங்களில் சுவர் இல்லை. கல் தூண்களும் உயர்ந்த கூரையுமே உள்ளன. கண்டி மன்னரின் மகுல் மடுவவும் தூண்கள் தாங்கும் திறந்த மண்டபமே. 1815இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது அங்கேதான்.

இம்மண்டபங்களில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. கூரை வெயிலை மறைக்கிறது. சூடான காற்று மேலெழுந்து விலகுகிறது. வீசும் காற்று ஒரு பக்கத்தால் புகுந்து மறு பக்கத்தால் வெளியேறுகிறது. மனிதர் நடக்கும் வேகத்திலும் குறைந்த மெல்லிய காற்றே உடம்புக்கு 2 முதல் 3 பாகை வரை குளிர்ச்சியைத் தரும்.

கணனி எப்படிக் கணக்கிடுகிறது?

இன்று பசுமைக் கட்டடங்களைக் கட்டுவோர், வருடத்தின் 8,760 மணித்தியாலங்களுக்கும் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று கணனியில் முன்கூட்டியே கணக்குப் பார்க்கின்றனர். வெயில், வெப்பம், ஈரப்பதன், காற்று ஆகியவற்றின் பதிவுகள் இதற்குத் தேவை. கண்டிப் பகுதிக்கான பதிவுகளை வளிமண்டலவியல் திணைக்களத்தின் கட்டுகஸ்தோட்டை நிலையம் தருகிறது.

திறந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. விறாந்தையை 'வெளி' என்று எழுதிவிட்டால், அது உட்சுவருக்குத் தரும் நிழல் கணக்கில் விடுபடலாம். 'அறை' என்று எழுதினால், குளிரூட்டி தேவைப்படும் இடம்போலத் தோன்றும். இரண்டும் பிழை. குளிரூட்டி இல்லாத, பெரிய திறப்புகள் கொண்ட தனிப் பகுதியாகவே அதைக் கணிக்க வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: காற்றின் வேகம் திறந்த வெளியில், உயரத்தில் அளக்கப்படுகிறது. பள்ளத்தாக்கில், மரங்களிடையே உள்ள வீட்டுக்கு அவ்வளவு காற்று வராது.

எவ்வளவு வெப்பத்தை மனிதர் தாங்குவர் என்பதற்கும் அளவுண்டு. மாதச் சராசரி 25 பாகை செல்சியஸாக உள்ள ஊரில், காற்றோட்டமுள்ள இடத்தில் இருப்போரில் பெரும்பாலோர் சுமார் 22 முதல் 29 பாகை வரை வசதியாக உணர்வர் என்று சர்வதேச அளவில் பயன்படும் விதிமுறை சொல்கிறது.

எமது வீட்டுக் கணக்கு

கணனி இல்லாமலும் நாம் கணக்குப் பார்க்கலாம். 70 வாட் மின்விசிறி நாளொன்றுக்கு 6 மணித்தியாலம் சுழன்றால், 30 நாளில் 12.6 அலகு மின்சாரம் செலவாகும். பகலில் விறாந்தையில் இருந்தால் அச்செலவு மிஞ்சும். பகல் விளக்கும் வேண்டாம்.

வரைபடம் தருபவரிடம் நாம் கேட்க வேண்டியவை:

• மாலை வெயில் அடிக்கும் மேற்குச் சுவரை விறாந்தை மறைக்கிறதா?

• யன்னல்கள் எதிரெதிராக உள்ளனவா?

• கூரையின் உச்சியில் சூடு வெளியேற வழி உண்டா?

• சாரல் உள்ளே வராதபடி தாழ்வாரம் போதிய அளவு நீண்டுள்ளதா?

எல்லாம் ஒரே நாளில் முடியாது. இன்று பணமில்லையெனில், அத்திவாரத்தில் இடம் விட்டு, கிடுகால் ஒரு பத்தி இறக்குங்கள். சுவரைப் பின்னர் யோசிக்கலாம். வெயிலைத் தடுத்து, காற்றை மறிக்காத அந்த இடத்தை மட்டும் வரைபடத்திலிருந்து வெட்ட விடாதீர்கள்.