ஒட்டியது ஒரு நிமிடம்... எடுத்தது ஒரு மாதம்!

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)

"மலருக்கு ஏதாவது உபயோகமா எழுதுப்பா, கவிதை வேணாம், கவிதை நிறைய வந்தாச்சு" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அட்டைப்பெட்டியில் ஒட்டிய செலோடேப்பைப் பெட்டி கிழியாமல் எடுப்பது எப்படி? "இதெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று சிரிக்காதீர்கள். சிரித்தவன்தான் நானும்!

கொல்லிமலையில் பதினான்கு நாடுகள் உண்டு. அதில் பெரக்கரை நாடு என் ஊர். காரவள்ளியில் இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் மலைக்கு மேலே வர வேண்டும். என் தாத்தா அங்கே பெட்டிக்கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரு பழக்கம். புது மார்க் தீப்பெட்டி வந்தால் காலிப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வார். தீபாவளிக்கு வரும் மத்தாப்புப் பெட்டிகளையும் அப்படியே. புலி, மயில், சேவல், சாவி, தாமரை என்று விதவிதமான படங்கள். மொத்தம் 43 பெட்டிகள், ஒரு தகர டிரங்குப் பெட்டியில்!

இதை உலகம் முழுவதும் ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். தபால்தலை சேகரிப்பதற்குப் பெயர் இருப்பது போல் இதற்கும் 'பில்லுமெனி' என்று பெயர் உண்டு. நம் பக்கத்துப் பெட்டிகளுக்கு அதில் தனி மரியாதை. காரணம் சிவகாசி. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். இப்படித்தான் அந்த ஊர் அச்சுத் தொழிலுக்கும் பேர் பெற்றது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் "எனக்கு மயில் மார்க் குடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும் அல்லவா? அதனால்தான் அத்தனை படம்!

நான் செய்த தவறு

தாத்தாவின் சேகரிப்பில் இரண்டு தலைமுறை டேப் இருக்கிறது. 1994-ல் என் சித்தப்பா, கிழிந்த பெட்டிகளின் மூலைகளை அந்தக் காலத்து செலோடேப்பால் ஒட்டினார். 2017-ல் பள்ளிக் கண்காட்சிக்காக நான் எல்லாப் பெட்டிகளையும் ஒரு சார்ட்டில் பிரவுன் பேக்கிங் டேப் போட்டு ஒட்டினேன். முதல் பரிசு கிடைத்தது. பெட்டிகள் அந்தச் சார்ட்டோடு டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன.

போன வருஷம் தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது, "கண்ணு, அந்தப் பொட்டியெல்லாம் எடுத்துக் குடு, ஒருவாட்டி பாக்கலாம்." எடுத்துப் பார்த்தால்... எல்லாம் பழுப்பும் பிசுபிசுப்பும்! நான் அவசரப்பட்டு ஒரு டேப்பின் நுனியைப் பிடித்துச் 'சர்ர்ர்' என்று இழுத்தேன். சேவலின் தலை டேப்போடு வந்துவிட்டது. இன்னும் இரண்டை இழுத்தேன். அவையும் போச்சு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா?

தாத்தா திட்டவில்லை. ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியின் மூடியை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இத மட்டும் தொடாத சாமி." அதன் உள்பக்கம் பார்த்தேன். காப்பியிங் பென்சிலில் எழுதியிருந்தது: 1976, ஐப்பசி, வெள்ளிக்கிழமை, கோழி கூப்புடற நேரம், ஆண் பிள்ளை. என் அப்பா பிறந்த நேரம்! பள்ளியில் சேர்க்கும்போது யாரோ குத்துமதிப்பாக ஒரு ஜூன் தேதி எழுதிவிட்டார்கள். உண்மைத் தேதி இருப்பது அந்த அட்டையில் மட்டும்தான். அந்த எழுத்தின் மேலேயும் ஒரு மூலையில் என் பிரவுன் டேப் ஏறியிருந்தது. அட்டை நமத்துப்போய், டேப் இழுத்த இழுப்பில் மடிப்பு விட்டுக்கொண்டு இருந்தது. அப்படியே விட்டால் அடுத்த மழைக்காலம் தாங்காது. அன்றுதான் முடிவு செய்தேன், இதை முறையாகக் கற்றுக்கொள்வது என்று.

டேப் ஏன் இப்படி ஆகிறது?

நண்பர்களே, முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். 1930-ல் அமெரிக்காவின் 3எம் கம்பெனியில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் கண்ணாடி போன்ற செலோபேன் தாளில் பசை தடவி இந்த டேப்பைக் கண்டுபிடித்தார். 'செலோடேப்' என்று நாம் சொல்லும் பெயர் 1937-ல் இங்கிலாந்தில் வந்த ஒரு பிராண்டின் பெயர்.

கோந்து காய்ந்து பிடிக்கிறது. டேப்பின் பசை அப்படியல்ல, அது காய்வதே இல்லை. மிக மிகக் கெட்டியான திரவம் மாதிரி மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒட்டிய அன்று அட்டையின் மேலே இருக்கும் பசை, வருஷங்கள் போகப் போக நார்களுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் புது டேப் சுலபமாக வருகிறது, பழைய டேப் அட்டையின் தோலையே உரிக்கிறது.

பழைய டேப்பின் பசை பெரும்பாலும் ரப்பரும் பிசினும் சேர்ந்தது. முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரியில் ரப்பர் படித்தோமே, அதே கதைதான். காற்றும் வெளிச்சமும் பட்டால் முதலில் ரப்பரின் சங்கிலிகள் அறுந்து பசை கொழகொழவென்று எண்ணெய் மாதிரி ஆகும். பிறகு சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பழுப்பாகி, கெட்டியாகி நொறுங்கும். அப்போது மேல்தாள் தானாகவே உதிர்ந்துவிடும், கறை மட்டும் நிற்கும். சித்தப்பாவின் 1994 டேப் இந்த மூன்றாம் கட்டம். என்னுடைய பேக்கிங் டேப் பிளாஸ்டிக் தாளில் அக்ரிலிக் பசை தடவியது. இது அவ்வளவாகப் பழுப்பாகாது. ஆனால் பல வருஷம் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. வியாதி வேறு, அதனால் வைத்தியமும் வேறு!

செய்யக் கூடாதவை

தண்ணீர் கூடவே கூடாது. தீப்பெட்டி லேபிளை ஒட்டியிருப்பது கஞ்சிப் பசையில். தண்ணீர் பட்டால் டேப் அப்படியே இருக்கும், லேபிள் கழன்று வரும். காப்பியிங் பென்சில் எழுத்தோ ஊதாவாகக் கரைந்து ஓடிவிடும்.

தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்து ஸ்டிக்கருக்கு அம்மா எண்ணெய் தடவுவது சரி, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவலாம். அட்டையைக் கழுவ முடியுமா? எண்ணெய்க் கறை நிரந்தரம்.

வண்டிக்குப் போடும் பெட்ரோலும் வேண்டாம். அதில் சேர்மானங்கள் உண்டு, கறையும் நாற்றமும் நிற்கும், ஆபத்தும் அதிகம்.

பெட்டிக்குள் குச்சியோ மத்தாப்போ இருந்தால் சூடு காட்டாதீர்கள், எந்தத் திரவமும் தொடாதீர்கள். தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் உரசும் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் குச்சிகளை அப்புறப்படுத்துங்கள், மருந்துத் தூசியை வெளியில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

இன்னொன்று. பழைய தீப்பெட்டியில் குறுக்காக ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தால் அது டேப் இல்லை! 1934-ல் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரிச் சட்டம் வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒட்டிய 'பாண்டரோல்' பட்டை அது. சேகரிப்பவர்களுக்கு அதுவும் பெட்டியின் ஒரு பாகம். சுத்தம் செய்கிறேன் என்று அதைப் பிய்த்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. பழகுங்கள். நல்ல பெட்டியில் கை வைக்கும் முன் சோப்புப் பெட்டி, ஸ்வீட் பெட்டி என்று வேண்டாத அட்டைகளில் டேப் ஒட்டி எடுத்துப் பாருங்கள். நான் இருபது பெட்டி கெடுத்த பிறகுதான் கை வந்தது.

2. சூடு. ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். உங்கள் புறங்கை தாங்கும் சூடு போதும். புதுப் பாத்திரத்தை அடுப்பில் லேசாகக் காட்டி ஸ்டிக்கர் உரிப்பார்களே, அதே தத்துவம். பசை இளகும்.

3. நுனியைக் கிளப்புதல். இங்கேதான் நம்ம மெக்கானிக்கல் மூளை வேலை செய்தது. தேய்ந்துபோன ஃபீலர் கேஜ் ஒன்றில் 0.15 மி.மீ. தகடைக் கழற்றி, ஓரங்களை எமரித் தாளில் மழுக்கினேன். வெந்நீரில் முக்கி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, டேப்புக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்தால் வெண்ணெயில் கத்தி மாதிரி போகிறது. பிளேடு வேண்டாம், அட்டைக்குள் இறங்கிவிடும்.

4. இழுக்கும் கோணம். டேப்பை மேல்நோக்கித் தூக்காதீர்கள், அட்டையின் நார் கூடவே வரும். டேப்பை அதன் மேலேயே மடக்கி, அட்டையோடு படுக்கையாக, பின்பக்கமாக இழுங்கள். வேகம் கூடினால் பசையின் பிடிமானமும் கூடும். ஆகவே மெதுவாக, ஒரு நிமிடத்துக்கு ஒரு விரற்கடை போதும். நார் கிளம்புவது தெரிந்தால் நிறுத்திவிட்டு எதிர் நுனியில் இருந்து வாருங்கள். பதறாத காரியம் சிதறாது.

5. மிச்சப் பசை. கச்சா ரப்பர் கிரேப் துண்டு ஒன்று கிடைத்தால் அதனால் ஒற்றி ஒற்றி உருட்டுங்கள். ரப்பர் பசையைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். கடைசியில் லேசான பிசுபிசுப்பு நின்றால் சைக்கிள் கடையில் டியூபுக்குத் தடவும் பிரெஞ்சு சாக் பொடியைத் தூவித் துடைத்துவிடுங்கள். தூசி ஒட்டாது, பக்கத்துப் பெட்டியும் ஒட்டாது.

6. கடைசி ஆயுதம், கரைப்பான். எங்கள் கெமிஸ்ட்ரி சார் லேபில் கூடவே நின்று காட்டிக் கொடுத்தார். ரப்பர் பசைக்கு ஹெக்சேன், அல்லது சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவம். இவை காகித நாரை ஊற வைக்காது, சீக்கிரம் ஆவியாகும். அக்ரிலிக் பசை இதற்கு மசியாது, அதற்கு அசிடோன் வகை வேண்டும். ஆனால் அசிடோன் அச்சு மையையும் பால்பாயிண்ட் எழுத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும். எதுவானாலும் யாரும் பார்க்காத மூலையில் பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அதோடு நிறுத்துங்கள். நிறம் வராவிட்டால் பஞ்சைத் தேய்க்காமல் உருட்டி, உடனே ஒற்றுத்தாளால் ஒற்றி எடுங்கள்.

ஜாக்கிரதை! இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு நகர்ந்து போகும். எங்கள் மலை வீட்டில் அடுப்பு எப்போதும் கனன்றுகொண்டே இருக்கும். அதனால் வீட்டில் இதைத் தொடவே இல்லை. லேபில்தான், ஜன்னல் திறந்து, சொட்டு அளவில்தான்.

7. கிழிசலுக்கு மறுபடி டேப்பா? கூடாது! மைதாவைக் காய்ச்சிய பசையும் மெல்லிய டிஷ்யூ காகிதமும் போதும். பசையைத் தண்ணீர் ஓடாத அளவு கெட்டியாக, மிகக் கொஞ்சமாகத் தடவி, எடை வைத்துக் காய விடுங்கள். பின்னாளில் யாராவது எடுக்க நினைத்தால் எடுக்கலாம். மைதாவுக்குப் பூச்சி வரும், ஆகவே ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். எங்கள் மலைப் பனிமூட்டத்தில் அதுதான் பெரிய சவால்.

அந்த மூடி என்ன ஆச்சு?

ஒரு மாதம், சனி ஞாயிறுகளில் வேலை செய்தேன். 43 பெட்டிகளில் மூன்று நான் கெடுத்தவை, சேவலுக்குத் தலை இல்லைதான். மற்ற நாற்பதும் சார்ட்டை விட்டு வந்துவிட்டன. ஆனால் சித்தப்பா ஒட்டிய இடங்களில் பழுப்புக் கறை போகவில்லை. பின்னிக்கொண்ட பசையைக் கரைப்பது லேசில்லை. அதற்கு மேல் தேய்த்திருந்தால் படமே போயிருக்கும். எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் இந்த வேலையில் பாதி.

மத்தாப்பு மூடியைக் கடைசியாக எடுத்தேன். தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். எழுத்து இருந்ததால் கரைப்பானே தொடவில்லை. சூடு, தகடு, கிரேப் மூன்று மட்டும்தான். இரண்டு அங்குல டேப்புக்கு ஒன்றரை மணி நேரம். டேப் தனியாக வந்தது. அதன் பசையில் 'ஐப்பசி'யின் 'ஐ' மங்கலாக ஒட்டி வந்துவிட்டது. மற்ற எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. "போனாப் போவுது, ஐப்பசின்னு எனக்குத் தெரியாதா?" என்றார் தாத்தா. அப்பா அன்று அந்த மூடியை முதல்முறையாகக் கையில் வாங்கி முழுவதும் படித்தார். ஒன்றும் பேசவில்லை.

2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயில் இருந்து இரண்டு ரூபாய் ஆனது. இரண்டு ரூபாய்ப் பெட்டிக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். கல்யாணப் பத்திரிகை, பழைய ரேடியோவின் அட்டைப்பெட்டி, யாரோ கணக்கு எழுதிய அட்டை என்று ஏதாவது கிடக்கும். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே ஒரு கவரில் போட்டு வையுங்கள். தயவுசெய்து டேப் மட்டும் ஒட்டாதீர்கள். ஏற்கனவே ஒட்டியிருந்தால்... ஃபீலர் கேஜ் என்னிடம் இருக்கிறது, ஹாஸ்டலுக்கு வாருங்கள்!