மூட்டு வலியும் வீட்டு வைத்தியமும்

நாற்று நடுபவரும், களை எடுப்பவரும், மூட்டை சுமப்பவரும் ஐம்பது வயதைக் கடந்தவுடன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் காட்சி நமது கிராமங்களில் சாதாரணமானதாகும். “வயதாகிவிட்டது, வலி இருக்கத்தான் செய்யும்” என்று சிலர் வாளாவிருந்து விடுகின்றனர். வேறு சிலர் சந்தையில் விற்கும் பொடியை நம்பிக் கைப்பொருளையும் உடல்நலத்தையும் ஒருங்கே இழக்கின்றனர். இவ்விரண்டும் தவறான வழிகளேயாம்.

நாம் சுற்றுப்பயணம் சென்ற ஒரு சிற்றூரில் நடவு வேலை செய்யும் அம்மையார் ஒருவரைக் கண்டோம். முழங்கால் வலிக்காகச் சந்தையில் பெயரில்லாத பொட்டலம் ஒன்றை வாங்கி உண்டார். மூன்றே நாளில் வலி மறைந்தது. “பச்சிலை மருந்துதானே” என்று ஒன்றரை ஆண்டு தொடர்ந்து உண்டார். முகம் உப்பியது, சர்க்கரை நோய் தோன்றியது. பொடி கிடைக்காமற்போன ஒரு வாரத்தில் மயங்கி வீழ்ந்தார். அப்பொடியில் ஸ்டீராய்டு என்னும் மருந்து கலந்திருந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினார். அது மருத்துவரின் கண்காணிப்பில் பயன்படுத்தும்போது நல்ல மருந்தே. ஆயினும் அளவறியாமல் நெடுநாள் உண்டால் எலும்பை நலிவிக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும். உறையில் பெயரும், தயாரித்தவர் முகவரியும், உரிம எண்ணும் இல்லாத மருந்து எதுவாயினும் தொடலாகாது.

வலியின் வகை அறிதல்

மூட்டு வலி எல்லாம் ஒன்றன்று. முதலாவது, மூட்டுத் தேய்மானம். இது பெரும்பாலும் முழங்காலில் தோன்றும்; நடந்தால் மிகும், ஓய்வில் குறையும். இரண்டாவது, முடக்குவாதம். கை விரல்கள், மணிக்கட்டு ஆகிய சிறு மூட்டுகள் இரு பக்கமும் வீங்கும். காலையில் எழுந்தபின் அரை மணி நேரத்துக்கு மேலும், பலருக்கு ஒரு மணி நேரமும், விரல்களை மடக்க இயலாது. இது பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சென்று உரிய மருந்து உண்ணாவிடில் விரல்கள் கோணிப்போகும். இதற்குக் கை வைத்தியம் மட்டும் போதாது. மூன்றாவது, யூரிக் அமிலம் மிகுவதால் வருவது. பெரும்பாலும் கால் பெருவிரல் இரவில் திடீரெனச் சிவந்து வீங்கும். இவையன்றி, 2006ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பரவிய சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின்னும் பலர் மாதக்கணக்கில் மூட்டு வலியால் வருந்தினர்.

ஆகவே வகை அறிந்தபின்பே வைத்தியம் தொடங்குதல் வேண்டும். கீழே கூறுவன முக்கியமாகத் தேய்மான வலிக்கு உரியனவாம்.

ஆகாரம்

மூட்டு வலி வந்தவுடன் “வாயுப் பதார்த்தம்” என்று பருப்பையும் பயற்றையும் விலக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவற்றை உண்பதால் மூட்டுத் தேய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. மாறாக, இவற்றை விலக்கினால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் முழங்காலைத் தாங்குவதற்கு வேறு துணை இல்லை. எனவே பருப்பு, பயறு, மோர், முட்டை ஆகியவற்றுள் இயன்றதை நாள்தோறும் உண்ணல் வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு; இது எலும்புக்கு நல்லது. மீன் உண்போர் விலை குறைந்த மத்தி மீனை வாரம் இருமுறை உண்ணலாம். அதிலுள்ள கொழுப்பு வீக்கத்தைத் தணிக்க உதவும்.

எடை மிகுந்தவர்கள் அதனைக் குறைப்பதே தலையாய மருந்தாகும். உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மீது விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது என்று ஆராய்ச்சியில் கண்டுள்ளனர். சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்துக் கீரையும் காயும் மிகுத்தல், தேநீரில் சர்க்கரையைக் குறைத்தல், எண்ணெய்ப் பலகாரங்களை விழா நாளோடு நிறுத்துதல் ஆகியன செலவில்லாத வழிகள். யூரிக் அமிலம் மிகுந்தவர்கள் ஈரல், குடல் முதலியவற்றையும் மதுவையும் அறவே நீக்குதல் வேண்டும். பருப்பை நீக்க வேண்டுவதில்லை.

மஞ்சளும் இஞ்சியும் வலியை ஓரளவு தணிக்கும் எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. சமையலில் சேர்க்கும் அளவில் இவற்றால் கெடுதி இல்லை. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் மட்டும் மிகுதியாக உண்ணும் முன் மருத்துவரைக் கேட்டல் நலம். முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசையில் சேர்ப்பதும், இரசம் வைப்பதும் நம் முன்னோர் வழக்கமே. உணவாக அவற்றைத் தொடரலாம். ஆனால் மருந்தை நிறுத்திவிட்டு அதனை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

ஒத்தடமும் பயிற்சியும்

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காலையும் மாலையும் 15 நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் இறுக்கம் தளரும். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்தும் ஒத்தடம் கொடுக்கலாம். மூட்டு சிவந்து சூடாக இருக்குமாயின் சூட்டு ஒத்தடம் கூடாது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குன்றியவர்களுக்குக் கொப்புளம் உண்டாகும். அவர்களுக்கு வீட்டிலுள்ள மற்றொருவர் சூட்டைத் தம் கையில் பார்த்த பின்பே கொடுத்தல் வேண்டும்.

திண்ணையில் அமர்ந்து, ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, நாளுக்கு இருவேளை செய்க. இதனால் தொடைத் தசை வலுப்பெற்று முழங்காலின் சுமையை ஏற்கும். சில வாரங்கள் விடாது செய்தாலன்றிப் பலன் தெரியாது.

ஊராட்சி உறுப்பினர்க்கு

வலி நீக்கும் மாத்திரைகளைத் தாமே கடையில் வாங்கி மாதக்கணக்கில் உண்பது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதைக் கிராம சபையில் எடுத்துரையுங்கள். பெயரில்லாப் பொடி விற்போர் ஊருக்குள் வந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தெரிவியுங்கள். பல சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவும் உண்டு; நாட்டு மருந்தை விரும்புவோரை அங்கே அனுப்புங்கள். 2021ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட இயலாதவர்க்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கவும் வகை செய்யப்பட்டுள்ளது. உங்கள் வார்டில் அத்தகையோர் யாவர் எனக் கணக்கெடுத்துக் கொடுங்கள். குந்தி அமர இயலாத முதியோருக்காகப் பொதுக் கழிப்பறையில் ஒன்றையேனும் உட்காரும் வகையில் அமையுங்கள்.

மேலே கூறிய அம்மையார் இப்போது அரசு மருத்துவமனையில் மருந்து பெறுகிறார். திண்ணையில் அமர்ந்து காலை நீட்டி மடக்குகிறார். வலி முற்றும் நீங்கவில்லை. ஆயினும் கோலூன்றாமல் ரேஷன் கடைக்குச் சென்று வருகிறார். தேய்ந்த மூட்டைப் புதிதாக்கும் பொடி எதுவும் இல்லை. இருக்கும் மூட்டைக் காத்து நடமாட வைக்கும் வழி நம் அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் சுகாதார நிலையத்திலும் உண்டு. இதனைத் தம் ஊரார் உணருமாறு செய்தல் ஒவ்வோர் ஊராட்சி உறுப்பினரின் கடமையாகும்.