துயிலெழாக் கணினி: காரணம் நாடும் முறை

வீட்டுக் கணினியொன்று ஆளியை அமுக்கியும் எழாதாயின், வீட்டார் பெரும்பாலும் இரண்டிலொன்றையே செய்வர். ஆளியைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தல் ஒன்று. பொறியைத் தூக்கிக்கொண்டு திருத்துமிடத்துக்குச் செல்லுதல் மற்றொன்று. திருத்துமிடத்திலோ, வன்தட்டிலுள்ள அனைத்தையும் அழித்துவிட்டுப் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவுதல் விரைவில் முடியும் வேலையாதலின், அதுவே பரிகாரமாகக் கொள்ளப்படுதல் உண்டு. பொறி எழுந்துவிடுகின்றது. ஆயின், பத்தாண்டுகளாகச் சேர்ந்த புகைப்படங்களும், பிள்ளைகள் எழுதிய ஆய்வேடுகளும், குடும்பக் கணக்குகளும் மறைந்துவிடுகின்றன. பொறி போனால் வேறு பொறி வாங்கலாம். அவற்றை எங்கே வாங்குவது? பழுதோ, எதனையும் அழிக்காமலே தீர்க்கத்தக்க சிறு பழுதாக இருந்திருக்கவுங் கூடும். ஆதலின், எழாமை என்னும் ஒரே தோற்றத்தினுள் ஒளிந்து கிடக்கும் வேறுவேறு பழுதுகளைப் பிரித்தறிதல், அழித்தற்கு முன்னர்ச் செய்யப்படவேண்டிய காரியமாகும்.

இதனை அறிதற்குக் கணினி துயிலெழும் முறையை முதற்கண் ஆராய்தல் வேண்டும். கணினி செய்நிரலின்றி ஒன்றுஞ் செய்யமாட்டாது. செய்நிரல்களோ வன்தட்டிற் கிடக்கின்றன. வன்தட்டை வாசித்தற்கும் ஒரு செய்நிரல் வேண்டும். அங்ஙனமாயின் முதற் செய்நிரலை வாசிப்பது யாது? விதை முந்தியதோ மரம் முந்தியதோ என்பது போன்ற இவ்வினா, கணினி தோன்றிய காலத்தறிஞரையும் மயக்கியதே. ஒருவன் தன் சப்பாத்தின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளும் விந்தையை ஒப்பது இது எனக் கருதியே, ஆங்கிலேயர் இத்தொடக்கத்தைப் 'பூட்' என்னும் சப்பாத்தின் பெயரால் வழங்குவாராயினர். இதற்கு விடையாக அமைந்தது, மின்னை நிறுத்தினும் அழியாத சில்லொன்றிற் பதிக்கப்பட்ட சிறு செய்நிரலாகும். 1981 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாட் கணினியில் அது பயாஸ் எனப் பெயர் பெற்றிருந்தது. இக்காலத்துப் பொறிகளில் யூ.இ.எப்.ஐ. என்பது அதன் இடத்தைப் பெற்றுள்ளது.

எனவே கணினி எழுதல் ஒரு செயலன்று; ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் பல செயல்களின் தொடர் என்க. மின்வழங்கி தன் கடமையை முடித்த பின்னரே செயலி விழிக்கும். செயலி தொடக்கச் செய்நிரலை நிகழ்த்தும். அச்செய்நிரல் நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதித்த பின்னரே வன்தட்டை நாடும். வன்தட்டிலிருந்து பணிசெயல் முறைமை ஏற்றப்படும். இத்தொடர் எவ்விடத்தில் அறுந்ததென்று கண்டால், அதற்கு முன்னுள்ளவை பெரும்பாலும் பழுதற்றவை என்பது தானே பெறப்படும். புகையைக் கண்டு நெருப்பைத் துணியும் கருதலளவை இங்கும் பயன்படுகின்றது. விசிறி சுழல்கின்றதா, விளக்கு எரிகின்றதா, ஒலி எழுகின்றதா, திரையில் எழுத்துத் தோன்றுகின்றதா என்பனவே இங்குப் புகையாவன.

யாதொரு குறியுந் தோன்றாதாயின் மின்வழியை ஆராய்க. சுவர்க் குதையில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்த்தலே முதற் சோதனை. பொறியின் பின்புறத்து ஆளியும், தளர்ந்த மின்வடமும் அடுத்துக் காணப்பட வேண்டியவை. இலங்கை வீடுகளுக்கு வரும் 230 உவோற்று ஆடலோட்டத்தை, மின்வழங்கி 12, 5, 3.3 உவோற்று நேரோட்டங்களாக மாற்றுகின்றது. 1995 இல் வகுக்கப்பட்ட ஏ.ரி.எக்ஸ். என்னும் நியமத்தின்படி அமைந்த பொறிகளில், முன்புறத்திலுள்ள பொத்தான் மின்னை நேரே திறக்கும் ஆளியன்று. மின்வழங்கிக்கு, எழுக என்று செய்தி அனுப்புவது மாத்திரமே அதன் தொழில். பொறி அணைந்திருக்கும்போதும் 5 உவோற்றுச் சிறு மின்னோட்டம் தாய்ப்பலகையிற் காத்திருக்கும். ஆதலால், தாய்ப்பலகையிற் சிறு விளக்கு எரிந்தும் பொத்தானுக்குப் பொறி அசையாதாயின், பொத்தானையோ அதன் மெல்லிய கம்பியையோ ஐயுறுதல் தகும். பொத்தான் பழுதென்று அறியாது மின்வழங்கியை மாற்றியோர் பலர்.

மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எவருந் திறத்தலாகாது. அதனுள்ளிருக்கும் கொள்ளளவிகள் செருகியைக் கழற்றிய பின்னருஞ் சிறிது நேரம் உயிர்க்கு ஊறு செய்யவல்ல மின்னைத் தாங்கி நிற்பன.

விசிறி சுழன்றுந் திரை இருண்டு கிடக்குமாயின், பலர் உடனே பொறியைக் குறை கூறுவர். திரைக்கு வேறாக மின்னும் வடமும் உண்டென்பதை அவர் மறந்துவிடுகின்றனர். வரைகலை அட்டை தனியாகப் பொருத்தப்பட்ட கணினியில், திரையின் வடத்தை அவ்வட்டையிற் செருகாது தாய்ப்பலகையிலுள்ள துளையிற் செருகிவிட்டு வருந்துவோரும் உளர். திரை குற்றமற்றதாயின் நினைவகத்தை நோக்குக. சோதனையிற் குறை கண்டவிடத்துச் சில பொறிகள் குறித்த எண்ணிக்கையில் ஒலி எழுப்பும். அவ்வெண்ணிக்கையின் பொருள் ஆக்கியோர்க்கேற்ப வேறுபடுமாதலின், அப்பலகையின் கைந்நூலைப் பார்த்தே துணிதல் வேண்டும். அண்மைக்காலத் தாய்ப்பலகைகள் பலவற்றில் ஒலிக்குப் பதிலாகச் செயலி, நினைவகம், வரைகலை, வன்தட்டு என்னும் நான்கிற்கும் நான்கு சிறு விளக்குகள் உள. எது அணையாது நிற்கின்றதோ அதுவே தடைப்பட்ட இடம்.

கடற்காற்றும் ஈரமும் மிக்க ஊர்களில் நினைவகத் தகட்டின் பொன்னிறத் தொடுமுனைகள் மாசுபடுதல் உண்டு. மின்வடத்தைக் கழற்றி, உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கி, தகட்டை எடுத்துத் துடைத்து மீளப் பொருத்துதலால் எழுந்த கணினிகள் பல. இன்னுமொன்று: டி.டி.ஆர்.5 வகை நினைவகத்தைப் புதிதாகப் பொருத்திய பொறி, முதன்முறை எழும்போது சில நிமிடங்கள் திரையை இருளில் வைத்து நினைவகத்துக்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். பொறுமையின்றி இடையில் மின்னை நிறுத்துவோர் பழுதில்லாத இடத்திற் பழுதை வருவிப்பர்.

தகடுகள் இரண்டாயின், ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்தல் வேண்டும். தருக்க நூலார் அந்நுவயம், வெதிரேகம் என இரண்டு கூறுவர். ஒன்று உள்ளவிடத்து மற்றொன்று உளதாதல் முன்னையது. அஃது இல்லாதவிடத்து இஃது இல்லாதாதல் பின்னையது. ஒரு தகடு இருக்கும்போதெல்லாம் பொறி எழாது, அதனை நீக்கியபோதெல்லாம் எழுமாயின், பழுது அத்தகட்டதே எனத் துணியலாம். இருமுறைமையும் பொருந்தாதவிடத்துத் துணிதல் ஊகமேயாம். ஒரே நேரத்தில் மூன்று உறுப்புகளை மாற்றுவோர்க்குப் பொறி எழுந்தாலும், எதனால் எழுந்ததென்பது தெரியாது போம். பழுதற்ற இரண்டு உறுப்புகளுக்கும் விலை கொடுத்திருப்பர்.

இனி, அதிகம் ஏமாற்றுவது நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம். தாய்ப்பலகையிற் பதிந்துள்ள இதன் பெயர் சி.ஆர்.2032. விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர் என்பதை அவ்வெண்ணே சொல்லும். அழுத்தம் 3 உவோற்று. மணிக்கூட்டை ஓட்டுதலும், பல பொறிகளில் தொடக்கச் செய்நிரலின் அமைப்புகளைக் காத்தலும் இதன் கடன். கணினி சுவர்க் குதையோடு இணைந்திருக்குங்கால் இதற்கு வேலை குறைவு. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னலுக்கு அஞ்சிச் செருகியைக் கழற்றி வைப்பது அறிவுடைச் செயலே. எனினும் அக்காலமெல்லாம் மணிக்கூட்டைத் தாங்குவது இக்கலம் ஒன்றே என்பதை நினைவிற் கொள்க.

இக்கலம் வலியிழந்தால் நிகழ்வது யாது? திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போகும். அதனோடு, எத்தட்டிலிருந்து எழவேண்டும், அத்தட்டை எம்முறையில் அணுகவேண்டும் என்னும் அமைப்புகள் மறைந்து, பொறி ஆலையிலிருந்து வந்தபோதிருந்த நிலையை அடைதலுங் கூடும். அப்பொழுது, எழுதற்குரிய தட்டு இல்லை என்றோ, அணுகமுடியவில்லை என்றோ திரையிற் செய்தி தோன்றும். காண்போர் வன்தட்டு இறந்ததென்று கருதுவர். தட்டிலோ ஒரெழுத்தும் அழிந்திலது. அதனை அழித்துப் புதுக்கினால் புதிய அமைப்புக்கு இயையப் பொறி எழும். எழவே, நோயை அறிந்தது சரியென்று திருத்துவோனும் நம்புவான். பிழையான துணிவு இவ்வாறு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கின்றது. திகதியை ஒருமுறை நோக்கியிருந்தால், சிறு விலையுள்ள ஒரு கலமும் சரியான அமைப்பும் போதியனவாயிருந்திருக்கும்.

எழுத்துகள் தோன்றிய பின்னர் நிற்குமாயின், செருகப்பட்டு மறந்துபோன யூ.எஸ்.பி. கோல் எதுவும் உளதோவென்று பார்த்தல் எளிது. அதுவுமில்லையாயின், பணிசெயல் முறைமையின் கோப்புகளில் ஒன்று கெட்டிருத்தல் கூடும். இதற்கு உலகறிந்த சான்று 2024 யூலை 19 அன்று நிகழ்ந்தது. குரவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பொன்றினால், விண்டோஸ் இயங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் பொறிகள் வீழ்ந்தன என மைக்ரோசொப்ற் மதிப்பிட்டது. வானூர்தி நிலையங்களும் மருத்துவமனைகளும் இடருற்றன. அவற்றின் தட்டோ, நினைவகமோ பழுதுற்றில. பாதுகாப்பு நிலையிற் பொறியை எழுப்பி, அவ்வொரு கோப்பை நீக்கியதே அன்று பெரிதுங் கையாளப்பட்ட பரிகாரம்.

ஐயந் தீராதவிடத்து, வேறொரு கணினியில் லினக்ஸ் முறைமையை யூ.எஸ்.பி. கோலொன்றிற் பதித்து, அக்கோலிலிருந்து பொறியை எழுப்புதல் இருவகையால் நன்று. எழுமாயின், மின்வழங்கி, செயலி, நினைவகம் ஆகியன குற்றமற்றவை என்பது பெரும்பாலும் துணியப்படும். அதே நிலையில் வன்தட்டின் உள்ளடக்கத்தை வேறொரு தட்டுக்குப் படியெடுத்தலுங் கூடும். ஆயின், தட்டு மறைகுறியாக்கப்பட்டிருப்பின் திறவுகோலின்றி அதனை வாசித்தல் இயலாது. விண்டோசின் பிற்லொக்கர் காப்புக்கு 48 இலக்கங்கொண்ட மீட்பு எண் உண்டு. தொடக்க அமைப்புகள் மாறினாலும் பொறி இவ்வெண்ணைக் கேட்கலாமாதலின், கணினி நலமாயிருக்கும்போதே அதனை எழுதி வேறிடத்தில் வைத்தல் வேண்டும்.

சுழலுந் தட்டிலிருந்து சொடுக்கொலி விட்டுவிட்டுக் கேட்குமாயின், வாசிக்கும் முனை இடர்ப்படுகின்றதென்பது பொருள். அப்பொழுது மேலும் சோதிக்க முயலுதல் கேட்டையே விளைவிக்கும். மின்னை உடனே நிறுத்தி, தரவு மீட்பதில் தேர்ந்தோரிடம் தட்டை ஒப்படைத்தல் வேண்டும். திடநிலைத் தட்டுகளில் அசையும் உறுப்பு இன்மையின் இவ்வொலியும் இல்லை. அவை முன்னறிவிப்பின்றி ஒரு கணத்தில் ஊமையாகிவிடுதலும் உண்டு.