சின்னத்திரையில் மதுரை: ஒரு நகரம் வார்ப்புப் படிமமாக மாறிய விதம்

முன்னுரை

நேரில் கண்டிராத நகரங்களைப் பற்றியும் நம் மனத்தில் ஓர் உருவம் இருக்கின்றது. முற்காலத்தில் அவ்வுருவத்தை இலக்கியமும் தலபுராணமும் சென்று மீண்டோர் கூற்றும் அமைத்துத் தந்தன. அண்மைப் பத்தாண்டுகளில் அப்பணியைப் பெரும்பாலும் தொலைக்காட்சியே ஏற்றுக்கொண்டுள்ளது. அயலகத் தமிழருக்கு இக்கூற்று மிகவும் பொருந்தும். 1993இல் சென்னையில் சன் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 1996இல் மலேசியாவில் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தொடங்கியது. அதன்பின் தமிழகத்து ஊர்கள் நாள்தோறும் நம் இல்லங்களுக்குள் வரலாயின. அவற்றுள் மிகுதியாக வந்த ஊர்களுள் ஒன்று மதுரை.

தமிழாசிரியருக்கு மதுரை வெறும் ஊர்ப்பெயர் அன்று. அது சங்கத்தோடு இணைத்துப் பேசப்படும் நகரம். சிலப்பதிகாரத்தின் இரண்டாம் காண்டத்திற்குப் பெயர் தந்த நகரம். ஆயின் பாடம் தொடங்கும் முன்னரே மாணவர் மனத்தில் வேறொரு மதுரை இடம்பிடித்து விடுகின்றது. அரிவாள், முறுக்கு மீசை, விரைந்து வரும் வண்டிகள், உரத்த குரல் ஆகியவற்றால் ஆனது அந்த மதுரை. இவ்வாறு ஓர் ஊரையோ மக்களையோ சில மாறாத அடையாளங்களுக்குள் அடைத்துக் காட்டும் உருவத்தை இக்கட்டுரையில் ‘வார்ப்புப் படிமம்’ எனக் குறிக்கின்றோம். மதுரை பற்றிய வார்ப்புப் படிமம் எவ்வாறு உருவாயிற்று, அதனை உறுதிப்படுத்துவதில் தொலைக்காட்சியின் பங்கு யாது, வகுப்பறையில் அதனை எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திரை மதுரையின் மாற்றம்

தமிழ்த் தொலைக்காட்சியின் பெரும்பகுதி திரைப்படத்தைச் சார்ந்தது. ஆதலின் முதலில் திரைப்படத்தை நோக்குதல் வேண்டும். 1956இல் வெளிவந்த ‘மதுரை வீரன்’ நாட்டுப்புற வழக்காற்று வீரனின் மதுரையைக் காட்டியது. 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ பாண்டியன் அவையையும் தருமி என்னும் ஏழைப் புலவனையும் காட்டியது. 1978இல் வெளிவந்த ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ அரச வரலாற்றின் மதுரையைக் காட்டியது. இவையும் கற்பனை கலந்த உருவங்களே. எனினும் இவற்றுள் மதுரை ஒரு தலைநகரமாகவும் புலமையின் இருப்பிடமாகவும் நின்றது.

2004ஆம் ஆண்டு ஒரு திருப்பம் எனலாம். அவ்வாண்டின் தொடக்கத்தில் ‘விருமாண்டி’, ஏப்ரலில் ‘கில்லி’, இறுதியில் ‘காதல்’ ஆகிய மூன்று படங்களும் வெளிவந்தன. பின்னர்த் ‘திமிரு’ (2006), ‘சுப்ரமணியபுரம்’ (2008), ‘கோரிப்பாளையம்’ (2010), ‘ஆடுகளம்’ (2011) எனப் பல படங்கள் மதுரையையோ அதன் சுற்றுப்புறத்தையோ களமாகக் கொண்டன. ஆய்வாளர்களான கார்த்திகேயன் தாமோதரனும் ஹியூகோ கோரிஞ்சும் 2017இல் எழுதிய கட்டுரையில் இவ்வகைப் படங்களை ‘மதுரை வாய்பாட்டு’ப் படங்கள் என்று வகைப்படுத்தி, சாதிப் பெருமிதத்தோடு அவற்றுக்குள்ள தொடர்பை ஆராய்ந்துள்ளனர்.

அதே 2004ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பெற்றது. தென்மாவட்ட மக்கள் பல்லாண்டுகள் கோரிப் பெற்ற நீதிமன்றம் அது. சட்டத்தை நாடித் தென்மாவட்டத்தார் மதுரைக்கு வரத் தொடங்கிய ஆண்டிலேயே, சட்டம் செல்லாத ஊராக மதுரை திரையில் நிலைபெறத் தொடங்கியது என்பது சிந்தித்தற்குரியது.

2. எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு வேடம்

‘கில்லி’ இவ்வகையில் தெளிவான சான்றாகும். அது 2003இல் தெலுங்கில் வெளிவந்த ‘ஒக்கடு’ என்னும் படத்தின் மறுஆக்கம். தெலுங்கில் ஐதராபாத்துக் கபடி வீரன் ஒருவன் கர்னூலுக்குச் சென்று, அங்கே வன்முறைக் கும்பலின் தலைவனிடமிருந்து ஒரு பெண்ணைக் காக்கின்றான். தமிழில் ஐதராபாத்து சென்னையாயிற்று, கர்னூல் மதுரையாயிற்று. இரு படங்களிலும் எதிர்நாயகனாக நடித்தவர் பிரகாஷ்ராஜே. 2015இல் ‘தேவர்’ என்னும் பெயரில் இக்கதை இந்தியில் எடுக்கப்பெற்றபோது நாயகனின் ஊர் ஆக்ராவாகவும் எதிர்நாயகனின் ஊர் வடநாட்டு மதுராவாகவும் மாறின.

இதிலிருந்து ஒன்று புலனாகின்றது. கதை வேண்டுவது மதுரையை அன்று. அச்சம் தரும் ஓர் ஊரை மட்டுமே. ‘வன்முறை ஊர்’ என்னும் வேடம் முன்னரே ஆயத்தமாக உள்ளது. ஒவ்வொரு மொழியிலும் ஏதேனும் ஓர் ஊர் அவ்வேடத்தை அணிகின்றது. கர்னூலின் இயல்பு என்று காட்டப்பட்டதை மாற்றமின்றி மதுரையின் இயல்பாகக் காட்ட முடிந்தது எனில், அது இவ்விரு ஊர்களில் எதற்கும் உரிய இயல்பன்று என்பதே பொருள். தலைநகரத்து நாயகன் சென்று, கண்டு, வென்று மீளும் இடமாக அவ்வூர் அமைகின்றது. பார்வை எப்போதும் தலைநகரத்தின் பார்வையே.

3. தொலைக்காட்சி செய்யும் பணி

திரைப்படம் படிமத்தைத் தோற்றுவிக்கின்றது. தொலைக்காட்சி அதனை நிலைநிறுத்துகின்றது. இப்பணி நான்கு வழிகளில் நடைபெறுவதைக் காணலாம்.

முதலாவது, மீள் ஒளிபரப்பு. திரையரங்கில் ஒருமுறை கண்ட படத்தை விழாநாள்களிலும் வார இறுதிகளிலும் தொலைக்காட்சியில் பன்முறை காண்கின்றோம். 2001இல் தொடங்கிய கே தொலைக்காட்சி போன்ற திரைப்பட அலைவரிசைகள் இதனை அன்றாட நிகழ்வாக்கின. ‘கில்லி’ வெளிவந்தபோது பிறந்திராத பிள்ளைகளும் அதன் உரையாடல்களை மனப்பாடமாகச் சொல்வது இதனாலேயே.

இரண்டாவது, துண்டாடல். நகைச்சுவைக் காட்சி, சண்டைக் காட்சி, பாடல் எனப் படத்தைப் பகுத்துத் தனித்தனியே ஒளிபரப்பும் வழக்கம் தொலைக்காட்சிக்கே உரியது. மேற்கூறிய படங்களுள் சில ஆழமான படைப்புகள் என்பதை மறத்தலாகாது. ‘விருமாண்டி’ மரண தண்டனையை எதிர்க்கும் படம். ‘காதல்’ சாதியின் கொடுமையைக் காட்டும் படம். ‘சுப்ரமணியபுரம்’ வேலையற்ற இளைஞரை அரசியல் குடும்பம் ஒன்று பயன்படுத்திக் கைவிடுவதைக் காட்டும் படம். முழுப் படத்தில் வன்முறைக்குக் காரணம் உண்டு, விளைவும் உண்டு. துண்டுக் காட்சியில் இரண்டும் நீங்கி, அரிவாள் மட்டுமே எஞ்சுகின்றது.

மூன்றாவது, வட்டார வழக்கு. ‘வந்தாய்ங்க’, ‘போனாய்ங்க’, ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ முதலியன மதுரை வட்டாரத்துப் பேச்சு வடிவங்கள். மருத்துவரும் பேராசிரியரும் பூ விற்பவரும் வீட்டில் வழங்கும் மொழி அது. ஆயின் திரையில் கற்ற மாந்தர் பொதுத்தமிழ் பேச, அடியாளும் கோமாளியும் மட்டும் இவ்வழக்கைப் பேசுகின்றனர். மதுரையைச் சேர்ந்த வடிவேலு தம் ஊர்ப் பேச்சின் நயத்தால் தமிழுலகையே சிரிக்க வைத்தார். அது அவ்வழக்கின் வளத்திற்குச் சான்று. எனினும் அவருடைய காட்சிகள் நாள்தோறும் துண்டுகளாக வரும்போது, அவ்வழக்கே நகைப்பிற்குரியது என்னும் எண்ணம் வேரூன்றுகின்றது. நெல்லை வழக்கின் ‘ஏலே’யை மதுரை மாந்தர் வாயில் வைக்கும் பிழையும் நேர்கின்றது. ‘தெற்கத்தியான்’ என்ற ஒரே அச்சில் வார்ப்போருக்கு அவ்வேறுபாடு தேவைப்படுவதில்லை.

நான்காவது, நேரலை. பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஏறுதழுவல் நிகழ்ச்சிகளும், சித்திரையில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் நிகழ்ச்சியும் நேரலையாகின்றன. இவை உண்மையான மதுரையே. ஆயினும் ஆண்டில் சில நாள் காளையும் சில நாள் கோயிலும், ஏனைய நாள்களில் அரிவாளும் என்றால், அந்நகரத்தின் அன்றாட வாழ்வு எங்குமே இடம்பெறுவதில்லை.

4. காரணம் மறைந்து குணம் தோன்றுதல்

மதுரை வட்டாரத்தில் வன்முறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. 1997 ஜூன் 30ஆம் நாள் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தோரும் கொல்லப்பட்டனர். தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியில் தலித் ஒருவர் தலைவரானதைப் பொறாத ஆதிக்கச் சாதியினர் செய்த கொலை அது. 2007 மே 9ஆம் நாள் மதுரையில் நாளிதழ் அலுவலகம் ஒன்று தாக்கப்பட்டு ஊழியர் மூவர் உயிரிழந்தனர். அதன் பின்னணியில் அரசியல் இருந்தது. இவை மண்ணின் குணத்தால் நிகழ்ந்தவை அல்ல. சாதி அதிகாரத்தாலும் அரசியல் அதிகாரத்தாலும் நிகழ்ந்தவை.

வார்ப்புப் படிமத்தின் தீங்கு இங்கேதான் உள்ளது. ‘மதுரைக்காரர் அப்படித்தான்’ என்று சொல்லும்போது காரணம் மறைந்து குணம் தோன்றுகின்றது. குணத்தை விசாரிக்க முடியாது, திருத்தவும் முடியாது. வெட்டியவன் மண்ணின் மைந்தனாகி விடுகின்றான். வெட்டுண்டவன் கதையிலிருந்தே நீங்கி விடுகின்றான். வீரம் என்று ஒரு சாதியைப் போற்றும் காட்சியும் அதே சாதியைக் கொடியதாகக் காட்டும் காட்சியும் இவ்வகையில் ஒன்றே.

மக்களைப் பிறப்பால் குற்றவாளிகள் எனக் கருதும் போக்கிற்குக் காலனிய வரலாறும் உண்டு. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் பின்னர்ச் சென்னை மாகாணத்திற்கும் விரிவுபடுத்தப்பட்டது. மதுரை வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன்கீழ்க் கொணரப்பட்டது. கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டுப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும் ஒரு வட்டாரத்தாரின் இயல்பே குற்றம் என்னும் எண்ணம் நீங்கவில்லை. அது ஏட்டிலிருந்து திரைக்கு இடம்பெயர்ந்தது.

படிமத்திற்கு வெளியே நிற்கும் மதுரையும் உண்டு. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியது இந்நகரில்தான். 1921இல் காந்தியடிகள் அரையாடைக்கு மாறியதும், 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்ததும் இங்கேதான். 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகறிந்த நிறுவனமாக வளர்ந்ததும் இங்கேதான். சௌராட்டிர நெசவாளரின் சுங்குடிச் சேலையும் இந்நகரின் அடையாளமே. இவற்றை மையமாகக் கொண்ட தொடர்களைத் தொலைக்காட்சியில் காண்பது அரிது.

5. மதுரைக்காஞ்சி தரும் அளவுகோல்

ஒரு நகரத்தை நேர்மையாகக் காட்டுவது என்பது அதன் குறைகளை மறைப்பதன்று. இதற்குத் தமிழிலேயே அளவுகோல் உண்டு. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளைக் கொண்டது, பத்துப்பாட்டுள் நீண்டது. அப்பாட்டில் நாளங்காடியும் அல்லங்காடியும் வருகின்றன. அறங்கூறு அவையும் வணிகர் தெருவும் கைவினைஞரும் வருகின்றனர். நள்ளிரவில் கருவிகளோடு திரியும் கள்வரும் வருகின்றனர்; அவரைத் தேடிக் காவலரும் வருகின்றனர். புலவர் கள்வரை மறைக்கவில்லை. அவர்களுக்கு இரவின் ஒரு யாமத்தை மட்டும் தந்தார். பின்னர் விடியல் வருகின்றது, நகரம் எழுகின்றது. நம் தொலைக்காட்சியோ அந்த ஒரு யாமத்தையே நாள் முழுவதும் காட்டுகின்றது.

சிலப்பதிகாரத்து மதுரை தீயில் எரிகின்றது. அதனினும் கொடிய காட்சியை எந்தச் சண்டைப் படமும் காட்டியதில்லை. ஆயின் ஆராயாது வழங்கிய தீர்ப்பே அத்தீக்குக் காரணம் என்பதைக் காப்பியம் ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகின்றது. காரணத்தோடு காட்டப்படும் வன்முறை நீதியைப் பற்றிய வினாவாகின்றது. காரணமற்றுக் காட்டப்படும் வன்முறை ஊரின் பெயராகி விடுகின்றது.

அண்மைத் திரைப்படங்களிலும் இவ்வுணர்வு இல்லாமல் இல்லை. மதுரையைச் சேர்ந்த கார்த்திக் சுப்புராஜ் இயக்கிய ‘ஜிகர்தண்டா’ (2014) மதுரை ரவுடியைப் படமாக்க வரும் ஓர் இயக்குநரைப் பற்றியது. படிமத்தைத் தேடி வருபவனையே அப்படம் நகைக்கின்றது.

முடிவுரை

மாணவரிடம் தொலைக்காட்சியைப் பார்க்கவேண்டாம் எனக் கூறுவதால் பயனில்லை. மாறாக, மதுரைக்காஞ்சியின் இரவுக் காட்சியையும் ஒரு திரைப்படத் துண்டுக் காட்சியையும் அருகருகே வைத்து மூன்று வினாக்களை எழுப்பலாம். இங்கே வன்முறைக்குக் காரணம் கூறப்படுகின்றதா? வட்டார வழக்கை யார் பேசுகின்றார், யார் பேசுவதில்லை? இவ்வூருக்குப் பதிலாக வேறோர் ஊரின் பெயரை இட்டால் காட்சி மாறுமா? கடைசி வினாவிற்கு ‘மாறாது’ என்று விடை வருமாயின், மாணவர் கண்டது ஊரை அன்று, வார்ப்பை என்பது அவருக்கே விளங்கும்.

இது மதுரையோடு முடியும் செய்தியன்று. மலேசியாவில் இந்திய இளைஞர் என்றாலே குண்டர் கும்பல் என்னும் படிமத்தை நாம் அறிவோம். 2015இல் வெளிவந்த ‘ஜகாட்’ என்னும் மலேசியத் தமிழ்ப்படம் அதே உலகத்தைக் காட்டியது. தோட்டத்திலிருந்து பெயர்த்தெறியப்பட்ட குடும்பங்களின் நிலையையும் சேர்த்தே காட்டியது. ஆகவே அப்படம் படிமத்தை உறுதிப்படுத்தவில்லை, விளக்கியது. மதுரைக்காரரை அரிவாளோடு மட்டும் காணப் பழகிய நம் மாணவர், தம்மைப் பிறர் அவ்வாறே காணும்போது மறுப்பதற்குச் சொல் இன்றி நிற்பர். அச்சொல்லை அவர்களுக்குத் தருவது தமிழாசிரியரின் பணியென நாம் கருதுகின்றோம்.